இடப்பாதியில் மட்டும் தெரிந்த புகை

களத்தில் மாவு கிடக்கும்போது வானத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இப்படி ஒரு விதி இருப்பதாக எவரும் எவருக்கும் சொன்னதில்லை. ஆனாலும் சேந்தமங்கலத்துக்கு வடக்கே, கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிற, ஜவ்வரிசிக்கு மாவு எடுக்கும் சேகோ ஆலைகள் எதிலும் புதிதாக வேலைக்கு வருகிற பெண் இரண்டாம் நாளே அதற்குப் பழகிவிடுவாள். மழை என்று சொன்னால் மழை வந்துவிடும். காற்று என்று சொன்னால் காற்று. கருக்கல் கட்டினால் அதைச் சொல்லக் கூடாது. மாவை அள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சின்னுசாமியின் ஆலையில் அதற்கு ஒரு சைகை இருந்தது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அவர் தலைமேல் போட்டுக்கொண்டால், களத்தில் நிற்கும் இருபது பெண்களும் மாவு கிளறும் பலகையைத் திருப்பிப் பிடித்துக் குவிக்கத் தொடங்குவார்கள். முக்கால் மணி நேரத்தில் களம் முழுவதும் குவியல்களாகி, தார்ப்பாய்க்குள் மறைந்துவிடும். இத்தனைக்கும் ஒரு சொல் செலவாகாது.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்ததை வெட்டியெடுத்தால் ஈரமாவு. அது சிமெண்டுக் களத்தில் இரண்டு வெயில் காய வேண்டும். அதற்குள் தூசி விழுந்தால் கறுப்புப் புள்ளி நிற்கும். தூசிக்குப் பயந்து அரைகுறையாகக் காய்ந்த மாவை நல்ல வெயிலில் வீணாக மூடி வைத்தாலோ, தார்ப்பாய்க்குள் வெந்து புளித்து மஞ்சளாகிவிடும்; வெயில் மங்கி நின்றால் அப்படி வேகாது. ஆகவே அள்ளாமல் இருப்பதும் தவறு, அவசரப்பட்டு அள்ளுவதும் தவறு.

ஆண்டுதோறும் பங்குனியில் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆள் ஒருவர் ஒவ்வொரு களமாக வந்து ஒரு பிடி மாவு எடுத்துப்போவார். எல்லாவற்றிலும் வெளுத்த மாவு எதுவோ அது ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைக்கப்பட்டு, ஆலையின் பெயர் ஒட்டப்பட்டு, சங்க அலுவலகத்தின் மேசைமேல் ஓர் ஆண்டு முழுவதும் இருக்கும். அந்தக் குடுவைமேல் சின்னுசாமிக்கு ஆசை உண்டு. பேராசை என்றே சொல்லலாம். சங்கத்துக்குப் போகும்போதெல்லாம் வேறொருவர் பெயர் ஒட்டிய குடுவைக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டியிருந்ததை அவர் ஓர் அவமதிப்பாகவே எண்ணி வந்தார். மூன்று ஆண்டுகளாக அது ஆத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. காரணம் எளிது. மூன்று ஆண்டுகளாகப் பங்குனி மாதத்தில் சின்னுசாமியின் மாவில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன.

அவை பக்கத்து ஆலையின் புகைபோக்கியிலிருந்து வருகின்றன என்பது சின்னுசாமியின் முடிவு. பக்கத்து ஆலை அவருடைய பங்காளி அர்த்தநாரியுடையது. அர்த்தநாரியின் மாவிலும் புள்ளிகள் விழுந்தன. அவை சின்னுசாமியின் புகைபோக்கியிலிருந்து வருகின்றன என்பது அவருடைய முடிவு. முன்பெல்லாம் இரண்டு களங்களுக்கும் நடுவே முழங்கால் உயர வரப்புச்சுவர் ஒன்றுதான் இருந்தது. இங்கே துண்டு தலைக்கு ஏறினால் அங்கேயும் பலகைகள் திரும்பும். அங்கே ஏறினால் இங்கேயும். முதல் ஆண்டு புள்ளி விழுந்ததும் சின்னுசாமி அந்தச் சுவரை இடுப்பு வரை ஏற்றினார். இரண்டாம் ஆண்டு அர்த்தநாரி அதைத் தோள்வரை உயர்த்தினார். மூன்றாம் ஆண்டு மீண்டும் சின்னுசாமி. இப்போது சுவர் ஒன்பதடி. அடுத்த களத்தில் இருந்து வருவது பலகைகள் உரசும் ஓசை மட்டும்தான்.

சின்னுசாமியின் மகள் கண்ணாத்தாள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தாள். அந்தக் கல்லூரியின் மொட்டைமாடி அறையில், 1984ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு வானொலி வாங்கி பொருத்தப்பட்டது. தலைக்கு மேலே கடந்து செல்லும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் பூமியைப் பார்த்துக்கொண்டே போகும். பார்த்ததை அப்போதைக்கப்போது ஒலியாக அனுப்பிக்கொண்டும் போகும். அந்த ஒலியைப் பிடித்து, சுழலும் உருளைமேல் சுற்றிய தாளில் ஓர் ஊசி கோடு கோடாக எரித்து எழுதும். நிமிடத்துக்கு நூற்றிருபது கோடு. பன்னிரண்டு நிமிடத்தில் இலங்கையிலிருந்து இமயம் வரை தாளில் இறங்கிவிடும். காலையில் ஏழரை மணியை ஒட்டி ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை. ஆண்டெனாவைக் கையால் திருப்புவது ஆய்வக உதவியாளர் ரங்கனின் வேலை. சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வரும் அவர், செயற்கைக்கோளையும் ஒரு ரயிலாகவே பாவித்தார்.

"இன்னிக்கு மூணு நிமிசம் லேட்டு மேடம். கேட்டா சிக்னல் கிடைக்கலம்பான்."

படத்தின் ஒவ்வொரு கோடும் இரு பாதிகளாக வரும். இடப்பாதி வெளிச்சத்தால் எடுத்தது. கண் பார்ப்பதைப் பார்க்கும். வலப்பாதி வெப்பத்தால் எடுத்தது. குளிர்ந்தது வெள்ளையாகவும் சுட்டது கறுப்பாகவும் தெரியும். இடமும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. மாசி மாதத்தில் ஒரு நாள் இடப்பாதியில், கொல்லிமலைமேல், கட்டைவிரலால் தேய்த்தது போன்ற ஒரு மங்கலைக் கண்ணாத்தாள் கண்டாள். வலப்பாதியில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மேகமாயிருந்தால் உயரத்துக் குளிரினால் இரண்டு பாதியிலும் வெள்ளையாக விழுந்திருக்கும். வெப்பம் தன்னை ஊடுருவிச் செல்ல விடுவது புகைதான். மலையில் எங்கோ காய்ந்த புல் எரிகிறது என்று அவள் புரிந்துகொண்டாள். பிற்பகல் படத்தில் அந்த மங்கல் மேற்கே நகர்ந்து, தன் ஊரின் தலைக்கு மேல் வந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோது மாவில் புள்ளிகள் இருந்தன. அவளுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. தான் ஒரு பெரிய காரியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. பங்குனி முதல் வாரத்தில், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய ஒரு காலையில், முந்திய நாள் பிற்பகல் படத்தை அப்பாவிடம் காட்டி, மாவு களத்தில் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: மலைமேல் புகை இருக்கிறது, மதியத்துக்குள் வரும். சின்னுசாமி மகளின் படிப்பின்மேல் மதிப்புள்ளவர். முன்பகல் பத்து மணிக்குத் துண்டு தலைக்கு ஏறியது. மாலைவரை ஒன்றும் வரவில்லை; மறுநாள் தார்ப்பாயைத் திறந்தபோது மாவு புளித்திருந்தது. கல்லூரிக்குத் திரும்பிப் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. ஊசி தேய்ந்து, உருளையின் ஒரு பக்கத்தில் தாளைத் தொடாமல் போனதால் வலப்பாதி அன்று பதியவே இல்லை. அங்கே ஒன்றுமில்லை என்று அவள் படித்தது, ஒன்றும் எழுதப்படாத தாளை. இடப்பாதியில் இருந்தது உயரத்தில் படர்ந்த மெல்லிய மேகம்.

"ஊசி மாத்தணும்னு நான் போன புதன்கிழமையே சொன்னேன் மேடம்," என்றார் ரங்கன்.

"சொன்னீங்க. கேக்கல."

"எழுதின பரீட்சையத் திருத்தலாம், வெள்ளைத்தாளுக்கு மார்க் போட்டா எப்படி?"

அவள் புதிய ஊசியைத் தானே பொருத்தினாள்.

சங்கத்து ஆள் வருவதற்கு முந்திய நாள், வியாழக்கிழமை. காலை ஏழு முப்பத்தைந்துக்கு ஒலி தெளிவாக விழுந்தது. உருளையிலிருந்து தாளை எடுத்து விரித்தபோது ரங்கனும் குனிந்து பார்த்தார். மேட்டூர் அணை ஒரு கறுத்த பொட்டு. அதற்குத் தென்கிழக்கே, கறுத்துக் கிடந்த கொல்லிமலையின் நடுவிலிருந்து ஒரு மங்கல் தொடங்கி மேற்கு விளிம்பைத் தாண்டிக் கொண்டிருந்தது. கண்ணாத்தாள் வலப்பாதியைத் தேடினாள். அங்கே எல்லாம் அச்சாகியிருந்தது. அணை, கடற்கரை, வங்கக்கடல்மேல் திட்டுத் திட்டாக மேகம். மலைமேல் மட்டும் ஒன்றுமில்லை.

"எழுதியிருக்கான், ஆனா அங்க ஒண்ணுமில்ல," என்றார் ரங்கன் மெதுவாக. "இதுக்கு மார்க் போடலாம் மேடம்."

முந்திய நாள் பிற்பகல் படத்தை அருகில் வைத்து அளவுகோலால் அளந்தாள். வெயில் ஏறிக் கிழக்குக் காற்று எழுந்ததும் வேகம் கூடும். பதினொன்றரை மணியை ஒட்டி ஆலைக்கு மேல் வரும். தலைமை எழுத்தர் அறைக்கு ஓடி டிரங்க் கால் பதிவு செய்தாள். அதிர்ஷ்டம், எட்டு மணிக்கே இணைப்பு கிடைத்தது.

"அப்பா, நாந்தானுங்க. பொகை..."

தொடர்பு அறுந்தது. லைன் போனதா, அப்பா வைத்தாரா என்று யோசிக்க நேரமில்லை. மாவு களத்தில் இறங்கியிருக்கும் நேரம் அது. படங்களை தினசரித் தாளில் சுருட்டிக்கொண்டு அவள் டவுன் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ராசிபுரத்தில் வண்டி மாறி, ஆலை வாசலில் இறங்கியபோது பத்து நாற்பது. வானம் வெளுத்துக் கிடந்தது. கிழக்கே பார்த்தால் பங்குனி வெயிலில் கண் கூசியது, மலை தெரியவில்லை. களத்து மேஸ்திரி சென்னம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஐம்பது வயது, அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்த ஆலையில் இல்லை.

"வாங்கம்மிணி," என்றாள். "இன்னிக்கி எந்த ஊட்டு விருந்தாளி வாராங்க?"

பெண்கள் சிரித்தார்கள்.

"போன வாரம் வாராத விருந்தாளிக்கு எலை போடச் சொன்னீங்க. சோறுதான் புளிச்சுப் போச்சு. கேட்டா ஊசி தேஞ்சு போச்சுன்னீங்களாமா. ஏனுங்கம்மிணி, அங்க படிப்பா, தையக் கடையா?"

"இன்னிக்கி வாரது நெசம் சென்னம்மக்கா."

"நெசமான விருந்தாளி சொல்லாம வாருவாங்க," என்றாள் சென்னம்மாள். ஆனால் அவள் கண் ஒரு கணம் கிழக்கே போய்த் திரும்பியதைக் கண்ணாத்தாள் கவனித்தாள்.

சின்னுசாமி மூட்டை பிடிக்கும் கொட்டகையில் பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார். மகளைக் கண்டதும் எழுந்தார். கையிலிருந்த சுருளைக் கண்டதும் மீண்டும் உட்கார்ந்தார்.

"காலேஜு லீவா சாமி?"

"லீவு சொல்லிட்டு வாரனுங்கப்பா."

"களத்துல மாவு கெடக்குது." அவர் எச்சரிக்கையாகவே அதைச் சொன்னார்.

"தெரியுமுங்க. நான் ஒண்ணும் பேசல. நீங்க பாத்தாப் போதும்."

பேசுவதுதான் தவறே தவிர, பார்ப்பது தவறென்று யாரும் நினைத்ததில்லை. மூட்டையின்மேல் அவள் படத்தை விரித்தாள். சின்னுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அது முதலில் கறை படிந்த தாளாகவே தெரிந்தது. கறுத்த பொட்டின்மேல் மகளின் விரல் நின்றது.

"மேட்டூருங்க."

"அடேயப்பா."

விரல் கீழே இறங்கிக் கறுத்த திட்டின்மேல் நின்றது.

"இது நம்ம மலையா?" மலை வானமில்லை, கேட்கலாம்.

"ஆமாங்க."

விரல் அந்த மங்கலின்மேல், அதன் மேற்கு நுனிவரை, நகர்ந்தது. பிறகு வலப்பாதிக்குத் தாவியது. அதே மலை, அதே இடம், அங்கே ஒன்றுமில்லை. பிறகு அவள் போன வாரப் படத்தையும் பக்கத்தில் விரித்தாள். அதன் வலப்பாதி வெறுந்தாள்.

"போன வாரம் இந்தப் பக்கம் பதியவே இல்லீங்க. அதப் பாக்காமச் சொன்னது என் தப்புத்தான். இன்னிக்கி ரெண்டு பக்கமும் பதிஞ்சிருக்குது. ரெண்டு பக்கமும் வெள்ளையாத் தெரிஞ்சா அது வேற. ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சா..."

"சொல்லாதே," என்றார் சின்னுசாமி. "வெளங்குது."

அவர் தன் கைக்கடிகாரத்தை அவள் முன் நீட்டினார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே அவள் நகத்தை வைத்தாள். அவர் எழுந்து கொட்டகையின் வாசலுக்குப் போனார். வெளியே மாவு பாதி காய்ந்திருந்தது. நாளைக்குச் சங்கத்து ஆள் எடுக்கப்போகும் பிடி அதிலிருந்துதான். இன்று மூடியது வீணானால் புளித்த மாவைத்தான் நீட்ட வேண்டும். மூடாமல் விட்டுப் புகை வந்தால் புள்ளி விழுந்த மாவை. மேலே ஒரு குறையும் சொல்ல முடியாத வெயில். கண்ணாத்தாள் தாளைச் சுருட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னுசாமி துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார்.

இருபது பேரும் சென்னம்மாளைப் பார்த்தார்கள். சென்னம்மாள் அந்தத் துண்டைப் பார்த்தாள், அம்மிணியைப் பார்த்தாள். பிறகு பலகையைத் திருப்பிப் பிடித்தாள். களத்தின் நான்கு மூலையிலிருந்தும் மாவு நடுவை நோக்கி நகரத் தொடங்கியது. சின்னுசாமி கொட்டகைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் நிம்மதி இருந்தது. சந்தேகம் தீர்ந்ததால் வந்த நிம்மதியில்லை, முடிவெடுத்துவிட்டதால் வந்தது. படத்தை மீண்டும் மடிமேல் இழுத்துக்கொண்டார். இப்போது அவருக்கு அது பிடித்துப்போயிருந்தது.

"இதுல நம்ம களம் எங்க இருக்குது?"

"இந்தப் புள்ளிக்குள்ளங்க. ஒரு புள்ளி நாலு கிலோமீட்டரு."

"நாலு கிலோமீட்டரா? அப்ப அர்த்தநாரி களம்?"

"அதே புள்ளிதானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சொவரு?"

"சொவரு தெரியாதுங்கப்பா."

அவர் படத்தின்மேல் குனிந்தார். விரலை அந்த மங்கலின்மேல் தானே வைத்து, மலையிலிருந்து மேற்கு நோக்கி இழுத்தார். அது வரும் அகலத்துக்கு இரண்டு ஆலை என்ன, பல ஊர் சேர்ந்த ஒரு பிர்க்காவே அடியில் கிடந்தது. புகைபோக்கி எதுவும் அதில் இல்லை. மூன்று வருடம், ஒன்பதடி, எத்தனை ஆயிரம் செங்கல். சட்டென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் நிமிர்ந்து பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

சுவருக்கு அப்பாலிருந்து பலகைகளின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. மாவைக் குவிக்கும் ஓசை இல்லை. பரப்பிக் கிளறும் ஓசை. நிதானமானது, வெயிலை நம்புவது. நடுவில் அர்த்தநாரியின் குரல் யாரையோ கேலி செய்தது, அங்கே சிரித்தார்கள். நாளை காலை அந்தக் களத்து மாவிலும் ஒரு பிடி எடுப்பார்கள்.

சின்னுசாமி களத்துக்கு வந்தார். தன் மாவு பாதிக்குமேல் குவிந்துவிட்டது. முதல் தார்ப்பாய் விரிகிறது. தாமதமே இல்லை. இந்த ஆண்டு இவ்வட்டாரத்தில் புள்ளியில்லாத மாவு ஒன்றே ஒன்றாக இருக்கலாம். குடுவையின்மேல் தன் பெயர் எந்த எழுத்தில் இருக்கும் என்பதுவரை அவர் நினைத்துப் பார்த்ததுண்டு. இன்னொன்றையும் அவர் அறிவார், யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அர்த்தநாரியின் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். புள்ளி விழாவிட்டால் அவன் மாவு தன் மாவைவிட ஒரு படி வெளுப்பு.

அவர் சுவரை நோக்கி நடந்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்து உயர்த்தி வீசிப் பார்த்தார். அவர் ஐந்தடி நான்கு அங்குலம். துண்டின் நுனி சுவரின் உச்சியை எட்டவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சென்னம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"ரோட்டச் சுத்திப் போய்ச் சொல்லிட்டு வாரட்டுங்களா மொதலாளி?"

"போறதுக்கே கால் மணி ஆகும். அங்க போய் என்னன்னு சொல்லுவ? அவன் களத்துலயும் மாவு கெடக்குதே."

மணி பதினொன்று பத்து. அங்கே குவித்து மூட முக்கால் மணி வேண்டும். இப்போதே நேரம் போதாது, ஆனால் பாதியாவது தப்பும். கண்ணாத்தாள் கிழக்கே பார்த்தாள். வெளுப்பில் ஓர் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பழுப்பு. அவள் அப்பாவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் தான் அல்ல என்று அவளுக்குத் தோன்றியது.

சின்னுசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சுவரின் காரையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, கழுத்தை அண்ணாந்து, தன் களத்து இருபது பெண்களும் சுவருக்கு அப்பால் நின்ற பெண்களும் கேட்க, மாவு கிடக்கும் களத்தில் நின்று கத்தினார்:

"அர்த்தநாரீ! டேய்! மலைப்பொகைடா! ஆகாசத்துல வாருது, இன்னும் அரை மணி நேரத்துக்குள்ள நம்ம ரெண்டு பேரு தலைமேலயும் வந்து நிக்கும்! மாவை அள்ளச் சொல்றா!"